அடுத்தவர் தட்டின் கணக்கு

வான்கோழியை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதும் மார்லிஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கணவர் கிளென் வாசலில் பனியை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தார். இப்போதைக்கு உள்ளே வரமாட்டார். அவள் கீழ் அலமாரியைத் திறந்து, துணி போட்டு மூடி வைத்திருந்த பெரிய பெரிய காலிஃபிளவர் பூக்களை எடுத்து மேடைமேல் அடுக்கினாள். கத்தியைக் கையில் எடுத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், தன் வீட்டுச் சமையலறையில், திருட்டுத்தனமாகக் காய் நறுக்குகிறாள்.

அன்று நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்காவில் குடும்பமெல்லாம் கூடி விருந்து சாப்பிடுகிற நன்றித் திருநாள். மினசோட்டாவின் வடக்கே, ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஹால்வர் என்ற அந்தச் சிற்றூரில் முந்தின நாள் தொடங்கிய பனி இன்னும் விட்டபாடில்லை. அதனால் என்ன? பனியைப் பார்த்துப் பயந்து விருந்துக்குப் போகாமல் இருக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது.

மார்லிஸ் இந்த நாளுக்காக இரண்டு மாதமாகத் திட்டம் போட்டிருந்தாள். மசித்த உருளைக்கிழங்கு என்று மேசைக்கு வரப்போவது காலிஃபிளவர். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று வரப்போவது கேரட்டும் பூசணியும், மேலே கலோரி இல்லாத இனிப்புப் பொடி தூவி. வான்கோழிக்குள் அடைக்கிற ரொட்டிப் பூரணத்தில் ரொட்டியைவிடக் காளான் அதிகம். கிரான்பெர்ரிக் கூட்டிலும் பம்ப்கின் பை என்கிற பூசணிப் பலகாரத்திலும் ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது. சின்ன ரொட்டிகள்கூட பாதாம் மாவில் செய்தவை. அவள் கணக்குப்படி, வழக்கமான விருந்தில் ஒரு ஆள் உள்ளே தள்ளுவதில் மூன்றில் ஒரு பங்கு கலோரிகூட இதில் வராது. யாருக்கும் எதுவும் சொல்லப்போவதில்லை. எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்து உட்காரும்போது எழுந்து நின்று உண்மையை உடைப்பாள். அவர்கள் முகத்தை, முக்கியமாக அண்ணன் லோரன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கை பரபரத்தது.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இதே நாளில், அண்ணன் வீட்டு விருந்தில், அவள் இரண்டாம் முறை கிழங்கு போட்டுக்கொண்டு உட்காரப் போனபோது லோரன் உரக்கச் சொன்னார், “தங்கச்சி, அது நம்ம தாத்தா செஞ்ச நாற்காலி. கொஞ்சம் பார்த்து உட்காரு.” மேசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள்.

ஜனவரியில் கைபேசியில் கலோரிக் கணக்கு ஆரம்பித்தது. என்ன சாப்பிட்டாலும் அதில் போட வேண்டும். அளவுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் வண்டிகளை நேரம் தவறாமல் அனுப்புகிற வேலை அவளுடையது. கணக்கு அவளுக்குக் கை வந்த விஷயம். இலையுதிர் காலம் வருவதற்குள் நாற்பது பவுண்டு, அதாவது பதினெட்டுக் கிலோ, குறைந்திருந்தாள். தேவாலயத்திலும் கடைத்தெருவிலும் நிறுத்தி வைத்துப் பாராட்டினார்கள். முழங்கால் வலி போனது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. அவள் பட்ட சந்தோஷம் உண்மையான சந்தோஷம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தன் தட்டை எண்ணிப் பழகிய கண், மெல்ல மெல்லக் கணவர் தட்டையும் எண்ண ஆரம்பித்தது. ஏப்ரலில் சர்க்கரை டப்பா குப்பைக்குப் போனது. அப்புறம் தேன், ஜாம், பழச்சாறு, பிஸ்கட். வாழைப்பழம்கூட வீட்டுக்குள் வருவது நின்றது. மாவட்டச் சாலைகளில் பனி அகற்றும் வண்டி ஓட்டுகிற கிளென் வாய் திறந்து எதுவும் சொல்கிற ஆள் இல்லை. போட்டதைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் கராஜில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

காலிஃபிளவர் பாதி வெந்திருந்தபோது மகள் ஆன்னிகா கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். கல்லூரி விடுமுறைக்காக நேற்றுத்தான் வந்திருந்தாள். பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“என்னம்மா இது?”

“உருளைக்கிழங்கு,” என்றாள் மார்லிஸ். மகளின் முகம் போன போக்கைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, கதவைச் சாத்தி, எல்லாத் திட்டத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஆன்னிகாவுக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. லோரன் மாமாவின் மனைவி பேவ் அத்தை கண்டுபிடித்துவிடுவாள் என்று பந்தயம் கட்டினாள். கிரேவியைத் தாராளமாக ஊற்றினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று மார்லிஸ் சொன்னாள். இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டே கிழங்கு மாதிரி வருகிறவரை காலிஃபிளவரைப் பிழிந்து பிழிந்து மசித்தார்கள். அம்மாவும் மகளும் அப்படிச் சேர்ந்து சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஒரு மணிக்கு லோரன் குடும்பம் வந்தது. அவருடைய டிரக் பனியில் புதைந்து கிடந்ததால் மகன் டிராவிஸின் காரில் வந்திருந்தார்கள். லோரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கதவு நிறைந்த உருவம், அதைவிடப் பெரிய குரல். மான் வேட்டைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்த சளியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து தங்கையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். இப்போதெல்லாம் தூக்க முடிகிறது என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். பாராட்டுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. மனைவி பேவ் கோட்டைக் கழற்றும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக எந்த விருந்துக்கும் அவள் வெறுங்கையோடு போனதில்லை. எதுவும் கொண்டு வர வேண்டாம் என்று மார்லிஸ் மூன்று முறை போன் பண்ணிச் சொல்லியிருந்தாள்.

லோரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி போட்டே தீர வேண்டிய வகை. அந்த வீட்டில் வளர்ந்த மார்லிஸுக்கு அதில் தெரியாதது எதுவும் இல்லை. சர்க்கரை இறங்கி அண்ணன் கை நடுங்கினால் ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொண்டு ஓடிய தங்கை அவள். ஆனால் லோரன் அதை அவ்வளவு லாவகமாகச் சமாளித்தார். வருஷக்கணக்காக ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. அவர் கண்ணாடி போட்டிருப்பது எப்படி யாருக்கும் நினைவில் நிற்காதோ, அப்படி அந்த நோயும் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

அவர் சாப்பிடுமுன் தட்டைப் பார்ப்பார். கிழங்கு இவ்வளவு, ரொட்டி இவ்வளவு, இனிப்பு இவ்வளவு என்று கண்ணாலேயே அளப்பார். அதற்குத் தகுந்தபடி ஊசி போட்டுக்கொள்வார். ஆக, அன்றைக்கு அந்த மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது.

மேசை நிறைந்தது. நடுவில் பொன்னிறத்தில் வான்கோழி. சுற்றிலும் ஆவி பறக்கும் பாத்திரங்கள். ஆறு பேருக்கு இருபது பேர் சாப்பாடு. பக்கத்து அறையில் டி.வி.யில் கால்பந்து ஆட்டம் ஓடியது. டிராவிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை அங்கேயே வைத்திருந்தான். கிளென் சுருக்கமாக ஜெபம் சொன்னார். ஆமென் சொல்லி முடிவதற்குள் கரண்டிகள் பாய்ந்தன.

லோரன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். நூற்றுப் பத்து, நல்ல அளவு. வெள்ளை மசியலைத் தட்டில் மலைபோல் குவித்து, நடுவில் குழி பறித்துக் கிரேவியை ஊற்றினார். பிறகு சட்டை ஓரத்தை உயர்த்தி, இன்சுலின் ஊசிப் பேனாவை வயிற்றில் வைத்தவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார்.

“உருளைக்கிழங்குதானே, மார்லிஸ்? அம்மா பண்ற மாதிரி?”

மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஆன்னிகா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மார்லிஸுக்கும் தொண்டைவரை சிரிப்பு வந்துவிட்டது.

“வேறென்ன? வெண்ணெய், க்ரீம் எல்லாம் தாராளமா போட்டிருக்கேன். நல்லா சாப்பிடுண்ணே.”

“அப்ப ரெண்டு தட்டுக்குச் சேர்த்தே போட்டுக்கறேன்,” என்று சொல்லிவிட்டு லோரன் பேனாவின் திருகைத் திருகி அளவைக் கூட்டி ஊசியைப் போட்டுக்கொண்டார்.

மார்லிஸ் அதைப் பார்த்தாள். பார்த்தும் அவள் மனதில் எதுவும் உறைக்கவில்லை. அவள் மனது முழுக்க வேறு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. டிராவிஸ் இரண்டாவது தட்டு, இன்னும் நானூறுகூட ஆகவில்லை. கிளென் மூன்று ரொட்டி, பரவாயில்லை. அண்ணன் இரண்டாம் முறை கிழங்குப் பாத்திரத்தை இழுத்தபோது அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ரொம்ப லேசாக, பஞ்சு மாதிரி இருக்கிறதே, எப்படிச் செய்தாய் என்று பேவ் கேட்டாள். செய்முறையை அப்புறம் சொல்கிறேன் என்றாள் மார்லிஸ். ஆன்னிகா சட்டென்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள். கிளென் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏழு மாதம் அந்தச் சமையலைச் சாப்பிட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாயை வைத்தார்.

பேச்சும் சிரிப்புமாக நேரம் போனது. லோரன் கையில் ஒரு பீரோடு, இந்த வருஷம் தப்பவிட்ட மானின் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அதன் கொம்பு நீண்டுகொண்டே போயிற்று. எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள். டிராவிஸ் பெல்ட்டைத் தளர்த்தினான். மார்லிஸ் எதிர்பார்த்திருந்த நேரம் வந்துவிட்டது. பம்ப்கின் பையைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க கேளுங்க. உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும்.”

“என்ன பெரிய விஷயம்?” என்றார் லோரன். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. “அந்த மானை… மானை நான்தான்…”

மேற்கொண்டு வரவில்லை. அவர் பாட்டுக்குச் சிரித்தார். அப்பாவுக்கு ஒரே பீருக்கே ஏறிவிட்டது என்று டிராவிஸ் கேலி பண்ணினான். பேவ் முழங்கையால் கணவரை இடித்து, சரியாக உட்காரச் சொன்னாள். லோரன் சட்டென்று கோபப்பட்டு அவள் கையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்ட வேகத்தில் கரண்டி கீழே விழுந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

நின்றுகொண்டிருந்த மார்லிஸுக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. நெற்றி முழுக்க ஈரம். மேசைமேல் இருந்த விரல்கள் நடுங்கின. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் பார்த்த அதே நடுக்கம். அந்த ஒரு கணத்தில், மதியம் முழுக்க அவள் தலைக்குள் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த எண்களெல்லாம் அப்படியே புரண்டு மறுபக்கம் காட்டின. அண்ணன் இரண்டு தட்டுக் கிழங்குக்கு ஊசி போட்டார். அவர் வயிற்றில் ஒரு கரண்டிக் கிழங்குகூட இல்லை. இனிப்பென்று சாப்பிட்டது இனிப்பில்லை. ரொட்டியென்று சாப்பிட்டது ரொட்டியில்லை. எவ்வளவு குறைவு என்று இந்த உலகத்தில் சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேடிக்கையாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று.

“அது உருளைக்கிழங்கு இல்ல,” என்றாள். “பேவ், அது காலிஃபிளவர். எதுலயும் சர்க்கரை இல்ல. எதுலயுமே இல்ல. அண்ணனுக்குச் சுகர் இறங்குது.”

பேவ் ஒரு வினாடி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையை மார்லிஸ் இன்றுவரை மறக்கவில்லை. அடுத்த வினாடி பேவ் கணவரின் விரலைப் பிடித்துக் குத்தி, துளி ரத்தத்தைக் கருவியில் வைத்தாள். நாற்பத்தொன்று.

“அந்தப் பம்ப்கின் பையைக் குடு அவருக்கு.”

“அதுலயும் இல்ல.”

“ஜூஸ்?”

“இல்ல.”

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது பெரிய அமளி. பேவ் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் மாத்திரைகள் அவர்கள் வீட்டில், பனியில் புதைந்த டிரக்கில் கிடந்தன. ஆன்னிகா குளிர்பெட்டியைத் திறந்து கையில் அகப்பட்டதையெல்லாம் வெளியே தள்ளினாள். சர்க்கரை இல்லாத சோடா, சர்க்கரை இல்லாத பாதாம் பால், முட்டை, கீரை, செலரித் தண்டு. ஒரு ஆப்பிள் அகப்பட்டது. வாயில் துண்டை வைத்தால் லோரன் மெல்லவில்லை, துப்பினார். மார்லிஸ் அலமாரி அலமாரியாகத் திறந்து திறந்து மூடினாள். எங்கேயும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தூக்கிப் போட்டவளே அவள்தானே. டிராவிஸ் அவசர உதவி எண்ணான 911-க்குப் பேசினான். பனி காரணமாக வண்டி வர அரை மணி நேரம் ஆகலாம் என்று பதில் வந்தது. போனை ஆன்னிகாவிடம் கொடுத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கே விளக்கில்லை, வாசலில் வண்டித் தடமும் இல்லை. அவர்களும் விருந்துக்கு எங்கோ போயிருந்தார்கள். முழங்கால் ஆழப் பனியில் விழுந்து எழுந்து திரும்பி வந்தான். ஆறு பேர் இருபது பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்த அந்த வீட்டில், ஒரு மனிதர் உயிரைக் காப்பாற்ற ஒரு கரண்டிச் சர்க்கரை இல்லை.

லோரன் தலை தொங்க ஆரம்பித்தது. பேவ் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் கிளென் எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கராஜ் கதவைத் திறந்துகொண்டு போனார். இந்த நேரத்திலும் இந்த மனுஷன் கராஜுக்குப் போகிறாரே என்று மார்லிஸுக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தது. அரை நிமிஷத்தில் திரும்பி வந்தார். உறைந்த ஏரியில் மீன் பிடிக்க எடுத்துப்போகும் நீலப் பெட்டியைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தார். தூண்டில் முள் வைக்கிற தட்டை வெளியே எடுத்தார். அடியில் சர்க்கரை போட்ட ஆரஞ்சு சோடா டப்பாக்கள், ஹாலோவீனுக்கு வாங்கிய மிட்டாய்ப் பொட்டலம், பாதி தின்ற சாக்லெட், மேப்பிள் பாகு ஒரு குப்பி.

பேவ் டப்பாவைத் திறந்து கணவர் உதட்டில் வைத்தாள். முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனது. விழுங்குண்ணே, இன்னும் ஒரு வாய் என்று மார்லிஸ் தரையில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பிடியில் இருந்த கை ஈரமாக, சில்லென்று இருந்தது. ஒரு டப்பா முடிந்தது. விரலில் பாகைத் தொட்டு ஈறில் தடவினார்கள். அடுத்த டப்பாவில் பாதி போன பிறகு லோரன் அதைத் தானே பிடித்துக்கொண்டார். அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

கால் மணி நேரத்தில் கருவி அறுபத்திரண்டு காட்டியது. பிறகு எண்பத்தெட்டு. லோரன் சுற்றிலும் பார்த்தார். தங்கை தரையில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். அந்த மான் கதையை முடித்தேனா இல்லையா என்றும் கேட்டார். டிராவிஸ் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறி, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் நன்றாகவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். வந்த பெண் பூட்ஸிலிருந்து பனியை உதறிவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்தாள், நாடி பார்த்தாள். பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். என்ன சாப்பிட்டார்? எல்லார் கண்ணும் மார்லிஸ் பக்கம் திரும்பியது. முன்பின் தெரியாத ஒருத்தியின் முன்னால், ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டி, அது என்ன, அதற்குள் உண்மையில் இருந்தது என்ன என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. எழுதிக்கொண்டே, ஊசி போடுவதற்கு முன் அவருக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

“கேட்டார்,” என்றாள் மார்லிஸ். “நான் பொய் சொன்னேன்.”

சோடாவில் ஏறியது மறுபடி இறங்கிவிடும், ஊசியின் வேகம் இன்னும் முடியவில்லை, அதனால் மாவுப்பொருளாக ஏதாவது அவர் வயிற்றுக்குள் போக வேண்டும், ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். மாவுப்பொருளுக்கு எங்கே போவது என்று மார்லிஸ் திகைத்து நின்றாள். பேவ் தொண்டையைக் கனைத்தாள்.

“டிராவிஸ், கார் டிக்கியில போர்வைக்கு அடியில ஒரு டப்பா இருக்கு, எடுத்துட்டு வா. லெஃப்ஸா. இப்ப அவரால மெல்ல முடியும்.” மார்லிஸ் பக்கம் பார்க்காமல் சொன்னாள், “நீ வேண்டாம்னு சொன்ன. வெறுங்கையோட வர எனக்கு மனசு வரல. இங்க கொண்டு வந்து வைக்கவும் பயமா இருந்தது.”

உருளைக்கிழங்கு மாவில் சுட்ட மெல்லிய ரொட்டிகள் டப்பா நிறைய வந்தன. குளிரில் விறைத்திருந்தவற்றை ஆன்னிகா கல்லில் போட்டுச் சூடாக்கினாள். வீட்டில் அன்றைக்கு முதல் முறையாக உண்மையான கிழங்கு வாசனை பரவியது. மாமாவுக்குப் பாகு ஊற்றிச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டே, கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊர் எல்லையில் இருக்கிற கடையில் வண்டியை நிறுத்தி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று மெல்லிய குரலில் சொன்னாள். அவள் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. கராஜ் பெட்டியும் கார் டிக்கியும் திறந்த பிறகு, தன்னுடையதையும் திறந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

லோரன் நாலு லெஃப்ஸா சாப்பிட்டார். பிறகு டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அந்தப் பெரிய குரலைக் காணோம்.

“நான் செத்திருப்பேன், மார்லிஸ்.”

“தெரியும்ணே.”

“நான் உன்னை நேராக் கேட்டேன்.”

“தெரியும்.” அவள் எதிரே உட்கார்ந்தாள். மறைக்க அவளிடம் இனி ஒன்றும் இல்லை. நாற்காலியைப் பற்றி அவர் சொன்னது, எல்லாரும் சிரித்தது, குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றது, அதற்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. பேவ் தலை குனிந்துகொண்டாள். அன்றைக்கு உரக்கச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

அந்த வார்த்தை லோரனுக்கு நினைவில்கூட இல்லை. போகிற போக்கில் வந்த சிரிப்பு, சொன்னவுடன் மறந்துபோயிற்று. தங்கை ஒரு வருஷம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள்.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றார். “ஒருத்தர் உடம்பைப் பத்தி நாலு பேர் முன்னால சொல்லிச் சிரிக்கறது எனக்கு விளையாட்டு. அது உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல. என்னை மன்னிச்சிரு.”

“நீ வார்த்தையால பண்ணின. நான் சாப்பாட்டால பண்ணிட்டேன்.” மார்லிஸ் கிளென் பக்கம் திரும்பினாள். “நீ எதுக்கு ஒளிச்சு வச்சுத் தின்ன? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

கிளென் மீன் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். “நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. அதைக் கெடுக்க வேண்டாம்னு பார்த்தேன்,” என்றார். “சொல்லியிருக்கணும். வாயை மூடிட்டு இருந்தது என் தப்புதான். ஆனா பொட்டலத்தைத் தூக்கி மட்டும் போட்டுடாத.”

முதலில் சிரித்தவர் லோரன். பிறகு மேசை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. பயந்து, அழுது, ஓய்ந்த பிறகு வருகிற சிரிப்பு. அடக்கினாலும் அடங்காது. டிராவிஸ் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் கொட்டினான். லெஃப்ஸா தட்டு கை மாறிக் கை மாறிச் சுற்றியது. பசி எல்லாருக்கும் திரும்ப வந்திருந்தது. பேவ் இரண்டாம் முறை காலிஃபிளவரைப் போட்டுக்கொண்டு, பெயரைச் சொல்லிப் போட்டால் இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

தட்டு தன்னிடம் வந்தபோது மார்லிஸ் ஒரு லெஃப்ஸாவை எடுத்து வெண்ணெய் தடவினாள். பழக்கதோஷத்தில் கைபேசியை எடுத்து அதன் கலோரியைப் போட்டாள். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவள் நிமிர்ந்தாள்.

“இதை நான் விடப்போறதில்ல,” என்றாள். “எனக்கு இது நல்லது பண்ணியிருக்கு. என் தட்டை நான் எண்ணிக்குவேன். ஆனா இனிமே உங்க தட்டைத் தொட மாட்டேன். நான் போட்ட கணக்குல ஒரு எண்கூடத் தப்பில்ல. ஆனா யாருக்காகப் போடறேனோ அவங்களை ஒரு வார்த்தை கேக்கவே இல்ல. கேக்காம ஒருத்தர் தட்டுல கை வச்சா, எவ்வளவு பாசத்துல வச்சாலும் அது அவங்க உயிர்ல கை வைக்கறதுதான்.”